பேச்சியின் செக்கடி வழக்கு

எந்தக் காலம் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. மருதங்கோடு நாட்டை வீரகண்டன் என்ற அரசன் ஆண்டான் என்பது வரைக்கும் நிச்சயம். நல்லவன்தான். ஆனால் எந்த வழக்கையும் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது அவன் பிடிவாதம். நீதி சீக்கிரம் கிடைத்தது. சரியாகக் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

அந்த ஊரில் பேச்சி என்பவள் எண்ணெய்ச் செக்கு ஓட்டினாள். செக்கு நின்ற மனை, அரண்மனைக் களஞ்சியத் தலைவர் உத்தமசீலருடையது. முப்பத்திரண்டு வருஷமாக அவளுக்கு அங்கேதான் தொழில், அங்கேதான் குடியிருப்பு. ஆண்டுக்கு இரண்டு குடம் நல்லெண்ணெய் வாடகை. இந்த ஆண்டு அரசன் அந்த வழியாகப் புதிய தேர்வீதி போட்டான். மனை தெருமுனைக்கு வந்துவிட்டது. உத்தமசீலருக்கு அங்கே கடைகள் கட்டும் ஆசை வந்தது. பேச்சி எண்ணெய்க் குடங்களோடு போனபோது, "ஐயா வீட்டில் இல்லை" என்று அவரே உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். மூன்று முறை போய்த் திரும்பினாள். நான்காம் நாள், வாடகை தராதவளைக் காலி செய்ய வேண்டும் என்று அவர் சபையில் முறையிட்டார்.

அரசன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டான்.

"மன்னா, பட்டயம் என்னிடம் இருக்கிறது. இடம் எனக்குத் தேவைப்படுகிறது, கேட்கிறேன். எத்தனை வருஷம் இருந்தால் என்ன? இருந்தவர் இருந்தவர்தான், உடையவர் உடையவர்தான்" என்றார் உத்தமசீலர்.

"நீ என்னம்மா சொல்கிறாய்?"

"மனை அவருதுதான் மகாராசா, நான் இல்லேன்னு சொல்லல" என்றாள் பேச்சி. "முள்ளுக்காடா கெடந்துச்சு. நாங்கதான் வெட்டிச் சரிபண்ணினோம். கல்லுச் செக்கு அஞ்சு முழம் மண்ணுக்குள்ள எறங்கி நிக்குது. பிடுங்கினா பிளந்துரும். அப்புறம் நான் எதை ஆட்டிப் பொழைக்கிறது?"

"எண்ணெய் கொடுத்தாயா?"

"கொண்டு போனேன். ஐயா வீட்டுக்குள்ள இருந்துகிட்டே வீட்ல இல்லேன்னு சொன்னாங்க."

சபையில் யாரோ சிரித்தார்கள். அரசன் வெற்றிலையைத் துப்பினான். "பட்டயம் அவரிடம் இருக்கிறது. ஏழு நாளில் காலி செய்."

அமைச்சர் திருமேனி எழுந்தார். "மன்னா, இதே மாதிரி இன்னொரு வழக்கு நாளைக்கு வருகிறது. அதையும் கேட்டுவிட்டு இரண்டுக்கும் ஒரே ஓலையில் தீர்ப்பு எழுதலாமே."

"யாருடைய வழக்கு?"

"இப்போதே சொன்னால் நாளைக்குக் கேட்க ஒன்றும் இருக்காது."

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்துவிட்டால் அரசனுக்குச் சாப்பாடு இறங்காது. மறுநாள் சபை கூடுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டான். அமைச்சர், மாயழகு என்ற ஆட்டுக்காரரைக் கோலும் கையுமாக அழைத்து வந்தார்.

"எங்க பூட்டன் ஆட்டுக்கிடை போட்ட எடம், ராசா" என்றார் மாயழகு. "ஒரு பெரிய மனுஷன் வந்து தங்க எடம் கேட்டாரு. வருஷத்துக்கு ஒரு கம்பளின்னு பேச்சு. அவரு பேரப்புள்ளைங்க இன்னும் அங்கேயே இருக்காங்க. இந்த வருஷம் கம்பளி வந்துச்சு, நான் வாங்கல. எனக்கு எடம் வேணும்."

அரசன் உத்தமசீலரைப் பார்த்தான்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கம்பளியும் சேரவில்லை. நேற்றைய தீர்ப்புதான். ஏழு நாள்" என்றார் அவர்.

"இடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான் அரசன்.

மாயழகு கோலால் தரையைத் தட்டினார். "இதுதான், ராசா."

அரசன் கன்னத்தைச் சொறிந்தான். "தை மாதம் அரண்மனையிலிருந்து யாருக்கோ ஒரு கம்பளி போகிறதே, அது இதற்குத்தானா? தானம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்."

"வாடகை, மன்னா. உங்கள் கொள்ளுப்பாட்டனார் பேசியது. ஓலை ஆவணக்கூடத்தில் இருக்கிறது. அனுப்பி வைக்கும் களஞ்சியத் தலைவரே எதற்கென்று கேட்டதில்லை" என்றார் அமைச்சர்.

அரசன் திரும்பினான். "உத்தமசீலரே, எனக்கும் ஏழு நாள்தானா?"

உத்தமசீலர் எழுந்து நின்றார். "அதெப்படி மன்னா? நான்கு தலைமுறையாக இருக்கிறீர்கள். வெறும் கிடையில் சுவர் எழுப்பினீர்கள், கிணறு வெட்டினீர்கள். வாழ்வே இங்கே ஊன்றி நிற்கிறது. எனக்குத் தேவை என்று ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் கிளப்பிவிட முடியுமா?"

"நான் கம்பளி வாங்கலையே" என்றார் மாயழகு.

"கொண்டுவந்து நீட்டியதை நீ வாங்காவிட்டால் அது கொடுத்தவர் குற்றமா? கொடுத்ததாகத்தான் அர்த்தம்."

அமைச்சர் ஓலை எழுதுபவர் பக்கம் திரும்பினார். "எல்லாம் எழுதினீரா? மன்னர் இருக்கும் இடத்தில் பேச்சியையும், நான்கு தலைமுறைக்குப் பதில் முப்பத்திரண்டு வருஷத்தையும், கிணற்றுக்குப் பதில் செக்கையும், கம்பளிக்குப் பதில் எண்ணெயையும் வைத்து வாசியும்."

வாசித்தார். ஓரிடத்திலும் இடறவில்லை.

"மன்னரும் செக்காட்டுகிறவளும் ஒன்றா?" என்றார் உத்தமசீலர்.

"இல்லையென்றால், மன்னர் இங்கே இருப்பது நியாயத்தால் அல்ல, கையில் வாள் இருப்பதால் என்று திருத்தி எழுதச் சொல்லட்டுமா?" என்று கேட்டார் அமைச்சர்.

உத்தமசீலர் அவசரமாக வேண்டாம் என்றார்.

அரசனுக்கு இன்னும் கேள்வி தீரவில்லை. "அப்படியானால் மனைக்காரருக்கு ஒன்றுமே இல்லையா?"

"மனை அவருடையது, வாடகை அவருடையது. குடியிருப்பவர் வாடகை தராமல் ஏமாற்றினாலோ இடத்தைப் பாழாக்கினாலோ, சபையில் நிரூபித்துவிட்டு வெளியேற்றலாம். தேர்வீதி வந்தது பேச்சியின் குற்றமில்லை. போட்டது நீங்கள்" என்றார் அமைச்சர்.

அரசன் சிரித்துவிட்டான். "மாயழகு, உமக்கு உண்மையிலேயே இந்த இடம் வேண்டுமா?"

"வேணாம் ராசா. தரை வழவழன்னு இருக்கு, ஆடு வழுக்கி விழுந்துரும். அமைச்சர் ஐயா கேக்கச் சொன்னாரு, கேட்டேன். அந்தக் கம்பளிய மட்டும் கொடுத்துருங்க. பனி தாங்கல."

முந்தைய நாள் சொன்ன தீர்ப்பு ரத்தானது. பேச்சி இருந்த இடத்தில் இருப்பாள். இரண்டு குடம் எண்ணெயை உத்தமசீலரே செக்கடிக்குப் போய் வாங்கி, தோளில் சுமந்து தேர்வீதி வழியாகவே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அமைச்சருக்கு ஒரு முத்துமாலை.

"உத்தமசீலரே, குடியிருப்பவர் நியாயத்தை இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொன்னதில்லை" என்றான் அரசன். "நீர் சொன்னதைக் கல்லில் வெட்டித் தெருமுனையில் நடச் சொல்கிறேன். கீழே உம் பெயரே இருக்கட்டும்."

உத்தமசீலர் ஊருக்குள் இன்னும் பதினோரு வீடுகளை வாடகைக்கு விட்டிருந்தார். கல் நட்ட அன்று முதலில் வந்து நின்று எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் அந்தப் பதினோரு வீடுகளில் குடியிருந்தவர்கள்தான்.