மோசம் எந்தப் பக்கம்?

"இந்தக் கை இனிமே எனக்கு உதவாது, பிளாரன்ஸ்" என்றாள் ஹேமலதா.

கூடை காலியாகிவிட்டது. அதிலிருந்த பந்தெல்லாம் பயிற்சிப் புல்வெளியில் சிதறிக் கிடந்தன.

பிளாரன்ஸ் குனிந்து காலிக் கூடையை எடுத்தாள்.

நீலகிரி மலைமேல் இருக்கும் அந்தக் கோல்ஃப் மைதானத்தில் ஹேமலதாவின் அடிக்கு ஒரு காலத்தில் பேர் இருந்தது. பிறகு பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. இடது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை.

அதைப் பழையபடி ஆக்கியே தீருவது என்று தினமும் காலையில் வந்துவிடுவாள். இருப்பதிலேயே நீளமான மட்டையை எடுத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், கூடை தீரும்வரை அடிப்பாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு "ச்சே". பந்து தரையைத் தொடுவதற்குள் அடுத்த பந்தை வைத்துவிடுவாள்.

பிளாரன்ஸ் அங்கே பயிற்சியாளர். வயதில் இளையவள். அதிகம் பேசமாட்டாள்.

"அடுத்த மாசம் ஜோடி ஆட்டம்" என்றாள் ஹேமலதா. "ரெண்டு பேருக்கும் ஒரே பந்து. நான் ஒரு அடி, எங்க வீட்டுக்காரர் ஒரு அடி. நான் கொண்டுபோய்ப் புதர்ல போடுவேன். பாவம், அந்த மனுஷன் அதுக்குள்ள நின்னு வெளிய எடுப்பார். குறையா ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அதுதான் தாங்கலை. வேற ஜோடி பாத்துக்கோங்கன்னு சொல்லிடப் போறேன்."

"சொல்லிட்டீங்களாக்கா?"

"இன்னும் இல்லை."

"நாளைக்கு வாங்க. கூடை வேண்டாம்."

மறுநாள் மலை முழுக்க மூடுபனி. நீட்டிய கைக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. பிளாரன்ஸ் சட்டைப் பையிலிருந்து இரண்டு பந்துகளை எடுத்தாள். நடுத்தர மட்டை ஒன்றைக் கொடுத்தாள்.

"அடிங்க."

"எங்கே அடிக்கிறது? குழியைக் காட்டுற கொடியே தெரியலையே!"

"இத்தனை வருஷம் ஆடின மைதானம். கொடி எங்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஹேமலதா அடித்தாள். பந்தைப் பனி விழுங்கிவிட்டது.

"எப்படிப் போச்சு?"

"மோசம்."

"மோசம்னா எந்தப் பக்கம்?"

ஹேமலதா திரும்பிப் பார்த்தாள். கேலி செய்கிறாளோ என்று தோன்றியது. அந்த முகத்தில் கேலி இல்லை.

இரண்டாவது பந்தை அடித்தாள்.

"இது?"

"பழைய மாதிரி இல்லை."

"அது எனக்குத் தெரியும். பந்து எங்கே?"

ஹேமலதா பனியை உற்றுப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. அடித்தவள் அவள்தான். ஆனாலும் தெரியவில்லை.

"போய்ப் பாப்போம்" என்றாள் பிளாரன்ஸ்.

ஈரப் புல்லில் இருவரும் நடந்தார்கள். ஒரு பந்து மணல் பள்ளத்தில் கிடந்தது. இன்னொன்றைத் தேடித் தேடிக் கடைசியில் கொடிக்குப் பக்கத்தில் கண்டார்கள். குழிக்கு ஒரு முழம்கூட இல்லை.

ஹேமலதா குனிந்து அதை எடுத்தாள். ரொம்ப நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"இதையும் ச்சேன்னுதானே நினைச்சேன்" என்றாள்.

பிளாரன்ஸ் தன் சால்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டாள்.

"நாளைக்கும் பனி இருக்கும்க்கா" என்றாள்.

அதன் பிறகு கூடை வரவில்லை. சில பந்துகள்தான். ஒவ்வொன்றும் வேறு இடத்திலிருந்து, வேறு தூரத்துக்கு. அடித்ததும் பந்து எங்கே என்று முதலில் சொல்ல வேண்டும், பிறகு நடக்க வேண்டும், பிறகு பார்க்க வேண்டும். பனி இல்லாத நாளில் மட்டை பந்தைத் தொட்ட உடனே கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள் பிளாரன்ஸ்.

முதலில் ஹேமலதா இடப்பக்கம் என்றால் பந்து வலப்பக்கம் கிடந்தது. தாண்டிப் போயிருக்கும் என்றால் பாதி வழியில் கிடந்தது. ஒருநாள் கோபத்தில் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கே போய்விட்டாள். மறுநாள் வந்தாள். பிளாரன்ஸ் அதே மட்டையை எடுத்து நீட்டினாள்.

ஒரு காலை, மட்டையை உயர்த்திய உச்சியில், இடது கை ஒரு கணம் தளர்வதை உணர்ந்தாள். இத்தனை நாளும் அது தளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவள்தான் அதைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"கை தளருது" என்றாள் கண்ணைத் திறக்காமல். "அப்பப் பந்து வலப்பக்கம் ஒதுங்கும். கொஞ்சம் குறைவாவும் விழும்."

நடந்து போய்ப் பார்த்தார்கள். அங்கேதான் கிடந்தது.

"இந்தக் கையை என்ன பண்றது, பிளாரன்ஸ்?"

"பந்து எப்பவுமே வலப்பக்கம் ஒதுங்குதா?"

"எப்பவுமே."

"அப்ப நீங்க எங்கே பாத்து நிக்கணும்?"

ஹேமலதா கால்களைச் சற்றே இடப்பக்கம் திருப்பி வைத்தாள்.

வேறு ஜோடி பார்த்துக்கொள்ளும்படி அவள் சொல்லவே இல்லை.

ஜோடி ஆட்டத்தன்று கடைசிக் குழி வரைக்கும் அவர்களும் எதிர் ஜோடியும் சமமாக வந்தார்கள். அந்தக் குழி ஒரு மேட்டுக்குப் பின்னால் இருந்தது. நின்ற இடத்திலிருந்து கொடியின் நுனி மட்டும்தான் தெரியும். பந்து விழுவது தெரியாது. ஹேமலதாவின் முறை.

அடித்தாள். பந்து மேட்டைத் தாண்டி மறைந்தது.

"பிரமாதம்மா!" என்றார் அவள் கணவர் தனசேகர். "கொடிக்குப் பக்கத்துலயே போயிருக்கும்." சொல்லிக்கொண்டே, குழியருகில் பந்தை உருட்டுவதற்கான தட்டை மட்டையை ஆசையாகப் பையிலிருந்து எடுத்தார். அவள் நோயில் விழுந்த நாளிலிருந்து எல்லா அடிக்கும் அவர் பிரமாதம் என்றுதான் சொல்லி வந்தார்.

"இல்லைங்க" என்றாள் ஹேமலதா. குரலில் வருத்தம் இல்லை. "இந்தத் தடவை நிறையவே தளர்ந்துடுச்சு. வலப்பக்கச் சரிவுல, உயரப் புல்லுல கிடக்கும். அங்கிருந்து உருட்ட முடியாது. தூக்கித்தான் அடிக்கணும்."

தனசேகர் மேட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

தட்டை மட்டையைப் பையில் திரும்பச் செருகிவிட்டு, தூக்கி அடிக்கும் மட்டையை உருவிக்கொண்டு முன்னால் நடந்தார்.