கழற்றி வைத்த வானம்

டெல்லியிலிருந்து பெரிய விஞ்ஞானி வருகிறார் என்றதும் ரேடியோ தொலைநோக்கி நிலைய இயக்குநர் ராமசேஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒப்பந்த டெக்னீஷியன் எப்சிபாவைக் கூப்பிட்டார்.

"தொலைநோக்கி ரிசீவர்ல எப்பவும் வர்ற அந்த இரைச்சல் கேட்கவே கூடாது. கேட்டா நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"சார், இந்தக் குறைஞ்ச அலைவரிசையில இரைச்சல் வர்றதே..."

"எனக்கே பாடமா? சொன்னதைச் செய்."

மறுநாள் விஞ்ஞானி வந்தபோது ரிசீவர் கப்சிப்பென்று கிடந்தது. "நம்ம நிலையத்துலேயே செஞ்ச ரிசீவர் சார், துளி இரைச்சல் கிடையாது" என்று ராமசேஷன் நெஞ்சை நிமிர்த்தினார்.

விஞ்ஞானி எப்சிபாவிடம் திரும்பினார். "எப்படிம்மா நிறுத்தினீங்க?"

"ஆன்டெனா கேபிளைக் கழற்றிட்டேன் சார். அந்த இரைச்சல் கிட்டத்தட்ட முழுக்க வானத்துலேருந்து வர்றது. இயக்குநர் வேண்டாம்னாங்க. வானத்தையே கழற்றி வச்சுட்டேன்."

விஞ்ஞானி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விமானம் ஏறினார். எப்சிபாவுக்கு அன்று மாலையே வேலை போயிற்று. அனுமதியில்லாமல் கேபிளைக் கழற்றினாளாம்.