பாடிக் கற்ற ரண வைத்தியம்

முன்னொரு காலத்தில், இனிய குரலைக் கேட்டால் மயங்கிப்போகும் அரசன் ஒருவன் இருந்தான். அவன் கட்டிய வைத்தியக் கலாசாலைக்கு வேதகிரி என்பவர் தலைமை ஆசான். கட்டியை அறுப்பது எப்படி என்று நானூறு பாட்டு எழுதி, மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்தார். பிழையில்லாமல் பாடினால் பட்டம். கத்தியை ஒருவனும் தொட்டதில்லை.

அப்படிப் பட்டம் வாங்கிய ஒருவன், பூக்காரி பூவாயியின் கையில் இருந்த கட்டியை அறுக்கப்போய் நரம்பை அறுத்துவிட்டான். அவள் விரல்கள் மடங்காமல் போயின.

"பாட்டு நல்லாத்தான் பாடினாரு சாமி. இனி நான் பூக்கட்டிப் பொழைக்கிறது எப்படி?"

அவள் அழுததைக் கேட்ட அரண்மனை விகடன் பிச்சாண்டிக்கு ரத்தம் கொதித்தது. நேராகச் சபைக்குப் போனான்.

"மன்னா, அது வைத்தியக் கலாசாலையா, பஜனை மடமா? கையால் செய்யும் வேலையை வாயால் கற்பிக்கிறார்கள்; பூக்காரி பூவாயியின் கை போய்விட்டது!"

பிச்சாண்டிமேல் வெகுநாள் பொறாமை கொண்ட வேதகிரி துள்ளி எழுந்தார். "பிரபு, இவன் தங்கள் கலாசாலையைப் பழிக்கிறான். என் முதல் மாணவன் நல்லசிவமே நாட்டின் சிறந்த ரண வைத்தியன் என்று இவன் இங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்தால் நாக்கை அறுக்க உத்தரவிடுங்கள்!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

"ஒப்புக்கொள்கிறேன்" என்றான் பிச்சாண்டி. "மன்னர் கழுத்தில் பத்து நாளாக ஒரு கட்டி. சிறந்த வைத்தியர் இருக்கும்போது மன்னர் ஏன் வலி பொறுக்க வேண்டும்? நல்லசிவம், கத்தியோடு வா!"

நல்லசிவம் கணீரென்று பாடிக்கொண்டே வந்தான். கத்தியை மட்டும் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

"இதுவரை எத்தனை கட்டி அறுத்திருக்கிறாய்?" என்று அரசன் கேட்டான்.

"இதுதான் முதல் கட்டி, மகாராஜா."

அரசன் வெடுக்கென்று கழுத்தைப் பின்னுக்கு இழுத்தான்.

"ஏன் இழுக்கிறீர்கள்?" பிச்சாண்டி கத்தியதில் சபை அதிர்ந்தது. "பூவாயிக்குப் பாட்டு போதும், உங்களுக்குப் போதாதா?"

அரசனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பிழை என்னுடையது" என்றான். பூவாயிக்கு ஆயுள் முழுவதும் அரண்மனை மானியம் எழுதினான். "அறுக்க வேண்டியவன் அறுத்துக் கற்கட்டும். முதலில் பூசணிக்காய், பிறகு கைதேர்ந்த வைத்தியரின் பக்கத்தில் நின்று. ஆசானே, நீரே தொடங்கும்!"

மறுநாள் சபைக்கு நடுவே பூசணிக்காய் வந்தது. தோலை மட்டும் கீற வேண்டும். வேதகிரி வைத்த கத்தி காயைத் துளைத்துப் பலகையில் குத்தி நின்றது. அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டான்.

பிச்சாண்டி சிரிக்கவில்லை. கத்தியைப் பிடுங்கி வேதகிரியின் கையில் கொடுத்து, இன்னொரு பூசணிக்காயை அவர் முன்னே நகர்த்தினான்.

"மறுபடியும் அறுத்துப் பாரும், ஆசானே."