சங்ககிரி மலையைத் திருப்பிய எண்ணெய்

சங்ககிரி பைபாஸ் ஓரம் சடையப்பன் பட்டறையில் வண்டியை விட்டால் வண்டி சரியாகிவிடும், நின்றவர் காதுதான் பழுதாகும் என்பார்கள்.

கோகிலவாணிக்கு அது தெரியாது. அன்றைக்குப் பத்தரைக்குள் அவள் மகளுக்குக் காது குத்த வேண்டும். கோவிலில் தாய்மாமன் மடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் காரின் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. அவள் புருஷன் சுதாகரன் மல்லுக்கட்டித் திருப்பி இங்கே கொண்டுவந்து சேர்த்தான்.

எண்ணெய்க் குழாயில் ஓட்டையாம். சடையப்பன் எதையெதையோ கழற்றினான், புதுக் குழாய் மாட்டினான், எண்ணெய் ஊற்றினான். கையைவிட வாய்தான் வேகம்.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுங்களா? இஞ்சின் ஓடுனா பெல்ட்டு சுத்தும். பெல்ட்டு சுத்துனா பம்பு எண்ணெயைத் தள்ளும். ஸ்டீயரிங்கை லேசா ஒடிச்சீங்கன்னா வால்வு அந்தப் பக்கம் வழி விடும். கீழ பல்லு வெச்ச கம்பி குறுக்க கிடக்குது, ரேக்குன்னு பேரு. பல்சக்கரம் அதை நகர்த்தறப்ப எண்ணெயும் கூடச் சேர்ந்து தள்ளும். டயர் திரும்பிரும். நாம சொல்றதோட சரி, பாடுபடறது எண்ணெய்தான்."

இதுவரை சத்தியம். இதற்கு மேல்தான் அவன் கியர் மாற்றினான்.

ஒரு மேட்டூர்க்காரர் வண்டிக்கு அரைக் கரண்டி எண்ணெய் கூடிப்போச்சாம். அவர் தும்மினார், வண்டி வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டதாம். ஏற்காடு வளைவில் ஒரு லாரியை ஸ்டீயரிங் மேல் உட்கார்ந்த ஈயே இருபது கொண்டை ஊசியும் திருப்பி மேலே கொண்டுபோனதாம்.

"டிரைவர் என்ன பண்ணினாரு?" என்றான் சுதாகரன்.

"ஈக்கு விசிறிட்டு வந்தாருங்க."

கோகிலவாணி மணியைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால். மடியில் குழந்தை சிணுங்கியது. புது ஆளிடம் அவளுக்கு வாய் எழாது. புருஷனைப் பார்த்தாள். அவனோ வாய் பிளந்து நின்றான்.

சடையப்பன் எதிரே இருந்த மலையைக் காட்டினான். அது முன்பு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்ததாம். ஒரு நாள் குழாய் கை நழுவி, எண்ணெய் பீய்ச்சியடித்ததில் மலை முழுசாக இந்தப் பக்கம் திரும்பிவிட்டதாம். அன்றிலிருந்துதான் பட்டறைக்கு நிழலாம்.

"வெயில் அடிக்குதே," என்றான் சுதாகரன்.

"இன்னும் கொஞ்சம் திருப்பணுங்க."

பேசிக்கொண்டே பானெட்டை மூடி, இரண்டு டயருக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தான். "சுண்டு விரலால திருப்புங்க," என்றான். சுதாகரன் இஞ்சினைப் போட்டு விரலை வைத்தான். ஸ்டீயரிங் அசையவில்லை. இரண்டு கையும் போட்டான். சீட்டுதான் கிரீச்சிட்டது.

"எண்ணெய் புதுசு, கூச்சப்படுது," என்றான் சடையப்பன்.

கூச்சம் என்றால் என்னவென்று கோகிலவாணிக்குத் தெரியும். பத்தாக இன்னும் ஐந்து நிமிஷம். தொண்டையைச் செருமினாள்.

"அண்ணா, பம்புக்குப் பெல்ட்டு வேணும்னு சொன்னீங்க. அது உங்க கழுத்துல கிடக்குதுங்க."

சடையப்பன் தடவிப் பார்த்தான். கழற்றும்போது மாலையாகப் போட்டுக்கொண்ட பெல்ட்டு அப்படியே தொங்கியது. அவன் முகம் மாறவில்லை.

"அதானே பார்த்தேன். காலையிலிருந்து என் தலை தானாத் திரும்புது."

"சீக்கிரம் மாட்டுங்கண்ணா," என்றாள் அவள். "உங்க வாய் பெல்ட்டு இல்லாமயே ஓடுது. எங்க வண்டி ஓடாது."

அதற்குப் பிறகு பட்டறையில் ஸ்பேனர் சத்தம் மட்டும்தான் கேட்டது. பத்து மணிக்கெல்லாம் எலுமிச்சம்பழம் நசுங்கியது.