கண் மட்டம்

எங்கள் ஊர் ஓவியக் கூடத்தில் படம் மாட்ட அரசாங்கம் எங்கள் மூவரையும் வைத்திருந்தது. ஏணியில் ஏறுவது தணிகாசலம் அண்ணன், அவர்தான் தலைவர். ஏணியைப் பிடிப்பது அந்தோணி. அந்தோணியைப் பிடிப்பது நான்.

சுவருக்குப் புது வெள்ளை அடித்ததும் காப்பாளர் பூரணி மேடம் எங்களைக் கூப்பிட்டார். பாவம், நல்ல மனுஷி.

"நாளைக்குக் காலையில நம்ம துறை இயக்குநர் வர்றார். அவருக்குத் திருப்தி இல்லேன்னா இந்தக் கூடத்தை ரேஷன் அரிசி அடுக்கக் கொடுத்துடுவாங்க. படமெல்லாம் கண் மட்டத்துல இருக்கணும். எதுவும் கோணலா இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வரவேற்பு ஏற்பாட்டைக் கவனிக்கப் போனார்.

நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம்.

"யார் கண்ணுண்ணே?" என்றான் அந்தோணி.

"படத்துல இருக்கிறவங்க கண்ணுதான். நம்ம கண்ணு ஆளுக்கொரு உயரத்துல இருக்கு. அதை நம்பி அரசாங்கம் வேலை செய்யுமா?"

சுவர் நெடுக நூல் கட்டி, ஒவ்வொரு படத்தின் கண்ணையும் நூலுக்கு நேராக வைத்தோம். நின்றுகொண்டிருந்த ஜமீன்தாரின் படம் தரையைத் தொட்டது. போர்க்களப் படத்தில் எல்லோரும் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். கீழே விழுந்து கிடந்த ஒரு சிப்பாய்க்குத்தான் கண் தெரிந்தது. அந்தப் படம் கூரையை இடித்தது.

பழக்கூடைப் படம்தான் எங்களைத் திணறடித்தது. அதில் கண்ணே இல்லை.

"ஓரத்துல தேங்காய் இருக்கே. அதுக்குக் கண்ணு உண்டு" என்றேன் நான். என் சர்வீசிலேயே நான் சொன்ன ஒரே யோசனை அது.

"குடுமி மறைக்குதே" என்றான் அந்தோணி.

"மறைச்சாலும் உள்ளேயிருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கும்" என்று அண்ணன் முடித்து வைத்தார்.

அடுத்தது, புயலில் சாய்ந்த கப்பல். கோணல் கூடாதே. பாய்மரம் நேராகும்வரை சட்டத்தைத் திருப்பினோம். கப்பல் நிமிர்ந்தது, கடல் சாய்ந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டுமென்று அந்தோணி கீழே ஒரு வாளியை வைத்தான்.

சாயங்காலம் திரும்பி வந்த மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தயவு செஞ்சு, முன்னாடி எப்படி இருந்துதோ அப்படியே வெச்சிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அப்படியே வைத்தோம். படங்கள் பழைய இடத்துக்குப் போயின. துடைத்துக் கொட்டிய தூசியைக் குப்பைத் தொட்டியிலிருந்து அள்ளி வந்து சட்டங்களில் தூவினோம். ஜமீன்தார் தலைக்கு மேல் ஒட்டடை இருந்தது அண்ணனுக்கு நினைவு வந்தது. அந்தோணி ஒரு சிலந்தியைப் பிடித்து வந்து அங்கே விட்டான். அது அசையவில்லை.

காலையில் இயக்குநரும் மேடமும் உள்ளே வந்தபோது, அண்ணன் ஏணியில் நின்று சிலந்தியிடம் பணிவாகப் பேசிக்கொண்டிருந்தார். மேடம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்னய்யா நடக்குது?" என்றார் இயக்குநர்.

"எல்லாம் முடிஞ்சுது சார். ஒட்டடை ஒண்ணுதான் பாக்கி. இவர் வேலையை ஆரம்பிக்க மாட்டேங்கிறார்" என்று அண்ணன் சிலந்தியைக் காட்டினார்.

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிலந்தியைக் கூர்ந்து பார்த்தார்.

"நிரந்தரமா, தினக்கூலியா?"

அண்ணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் சிலந்தியைப் பார்த்தோம்.

"தெரியலை சார்."

"பத்து மணி ஆகட்டும், தெரிஞ்சிடும்" என்று நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

பத்து அடித்தது. சிலந்தி எழுந்தது, சோம்பல் முறிப்பதுபோல் ஒரு காலை நீட்டியது, ஜன்னல் வழியே வெளியே போய்விட்டது.

"நிரந்தரம்தான்" என்றார் இயக்குநர். "ஆபீஸ் ஒழுங்கா நடக்குதும்மா. இதை மூட வேண்டாம்" என்று மேடத்திடம் சொல்லிவிட்டு, அவரும் டீ குடிக்கப் போனார்.