ஊர்க் கம்பளியில மூணு ஓட்டை

ஒரே ஒரு ஊர்ல, ஊர்னா பெரிய ஊர் இல்ல, மலை மேல இருபது வீடு, ஆளைவிட ஆடு அதிகம், அப்படி ஒரு ஊர்ல ஊருக்கே பொதுவா ஒரு கம்பளி இருந்துச்சாம். யார் வீட்டுல குழந்தை பொறந்தாலும் முதல் நாள் அதுலதான் சுத்தணும். பெரியவங்க யாரும் அதைத் தோள்ல போடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு வீடுன்னு அது முறை போகும், தை பொறந்தா கை மாறும். கம்பளியைக் கெடுத்தவங்க வீட்டுக்கு முறையும் போச்சு, அந்த வீட்டுக் குழந்தைக்குக் கம்பளியும் கிடையாது. அதான் கட்டுப்பாடு.

ஒரு தையில சிக்கம்மாங்கிற ஏழை விதவை வீட்டுலேர்ந்து கெஞ்சம்மா வீட்டுக்குக் கம்பளி வந்துச்சு. கெஞ்சம்மா வசதிக்காரி. அவ வீட்டு வாசல்ல ஆட்டுப்புழுக்கை ஒண்ணு கிடந்தாலும் பொறுக்க மாட்டா. அப்பேர்ப்பட்ட சுத்தக்காரி.

சிக்கம்மா சொன்னா, "அம்மிணி, அழுக்கு பட்டா அன்னைக்கே பூந்திக்கொட்டை ஊற வச்ச பச்சத்தண்ணியில அலசிப் போடு. முறுக்கிப் பிழிஞ்சிடாதே, துணியில சுருட்டி அமுக்கு. நிழல்ல தட்டையா விரிச்சுக் காய வை. அப்புறம் வேப்பிலையும் வசம்பும் போட்டு மூடி, மாசம் ஒரு தடவை எடுத்து உதறு."

"அக்கா, சுத்தத்தைப் பத்தி எனக்கே பாடமா? உன் குடிசையில இருந்த ஒரு வருஷத்துல இதுல ஏறுன புகை நாத்தம் போக எனக்கு ஒரு மாசம் ஆவும்"னா கெஞ்சம்மா. பக்கத்துல நின்ன பொம்பளைங்க சிரிச்சாங்க. சிக்கம்மா கம்பளியை அவ கையில குடுத்துட்டுப் போயிட்டா.

ஆவணி மாசம் மலைக்குக் கீழ, கீழ்நாட்டுல, கெஞ்சம்மா தம்பி மகளுக்குக் கல்யாணம். கெஞ்சம்மா பெட்டியைத் திறந்தா, கம்பளியைப் பார்த்தா, கறுப்பும் வெள்ளையுமா கரை போட்டு என்ன அழகு! 'கீழ்நாட்டுல யாருக்குத் தெரியப் போவுது'ன்னு தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா. பந்தியில எல்லாரும் கம்பளியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க, இவளுக்குப் பெருமை தாங்கல, பெருமையில கை ஆடி, இலையில இருந்த வெல்லப் பாயசம் மடியில தொங்கின கம்பளி மேல கொட்டிருச்சு. ஒரு இடத்துல இல்ல, மூணு இடத்துல.

ஊருக்கு வந்தாச்சு. அலசணுமே? ஓடையில அலசினா ஊரே பாக்கும். வீட்டுக்குள்ளயே அலசினாலும், அத்தனை பெரிய கம்பளியை எங்க ஒளிச்சுக் காயப்போடறது? 'சுத்தக்காரி கெஞ்சம்மா ஊர்க் கம்பளியில கறை பண்ணிட்டாளா'ன்னு கேப்பாங்களேன்னு அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னுச்சு. கறையோடயே சுருட்டிப் பெட்டியில போட்டு மூடிட்டா. வேப்பிலையும் போடல, வசம்பும் போடல.

பத்து நாள் கழிச்சுத் திறந்தா, ஒரு அந்துப்பூச்சி உக்காந்திருக்கு.

"ஏ பூச்சி, போ வெளியே!"

"ஏம்மா, வெல்லம் வச்சு அழைச்சவ நீ, இப்பப் போன்னா எப்படி? அலசிடு, நானாப் போயிடறேன்."

"அலசினா ஊருக்குத் தெரிஞ்சிடுமே!"

"அப்ப மூடு"ன்னுச்சு பூச்சி.

என்ன கண்ணு சிரிக்கிற? ஆமா, பூச்சி பேசும். மனசுல கள்ளம் இருக்கிறவளுக்கு எல்லாம் பேசும்.

இன்னும் பத்து நாள் கழிச்சுத் திறந்தா, ஒரு கறையில மிளகு அளவு ஓட்டை.

"அடிப்பாவி, தின்னுட்டியே!"

"நான் எங்கம்மா தின்னேன்? எனக்கு வாயே கிடையாது. என் பிள்ளைங்க திங்குது. வெயில்ல உதறி அலசிடு, நாங்க போயிடறோம்."

"உதறினா ஊருக்குத் தெரிஞ்சிடுமே!"

"அப்ப மூடு."

மறுபடி திறந்தா, மூணு கறையிலயும் மூணு ஓட்டை, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு விரல் போகும். இந்தத் தடவை பூச்சி பேசக்கூட இல்ல. கெஞ்சம்மாவே மூடிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பெட்டி இருக்கிற பக்கம் திரும்பியே பாக்க மாட்டா. ஊர்ல ஒரு பிரசவமும் இல்லாததால யாரும் கேக்கவும் இல்ல.

மார்கழி வந்துச்சு. கெஞ்சம்மாவோட மருமகளுக்கே ஆம்பளப் பிள்ளை பொறந்துச்சு! நல்ல உச்சி வேளையில ஊரே வாசல்ல கூடிருச்சு. ஊர்த்தலைவர் பீரகவுடர், "கம்பளியைக் கொண்டாம்மா"ன்னாரு. கொண்டாந்து விரிச்சுப் பிடிச்சா, மூணு ஓட்டை வழியா வெயில் தரையில விழுது.

எல்லாரும் எட்டி எட்டி ஓட்டையைப் பாத்தாங்க. கெஞ்சம்மா வாய் தானா ஓடுச்சு. "அவதான்! சிக்கம்மாதான்! பூச்சி முட்டையோட குடுத்துட்டா. அந்தக் குடிசையில வேற என்ன இருக்கும்?"

அங்க சிக்கம்மாவோட மக ஏழு மாசக் கர்ப்பிணி, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. பீரகவுடர் அவளைப் பார்த்தாரு. "அப்படின்னா கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியும். சிக்கம்மா, உன் பேரப்பிள்ளைக்கு..."ன்னு ஆரம்பிச்சாரு.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளாடு கூட்டத்துக்குள்ள புகுந்து கம்பளியை நக்க ஆரம்பிச்சுச்சு. ஒரு ஓட்டை ஓரம் நக்குச்சு, ரெண்டாவது ஓட்டை ஓரம் நக்குச்சு, மூணாவது ஓட்டை ஓரம் நக்குச்சு. வேற எங்கயும் வாய் வைக்கல.

ஆடு மேய்க்கிற லிங்கன்னு ஒருத்தன், ஊரே அவனைக் கிறுக்கன்னு சொல்லும், குனிஞ்சு அவனும் நக்கிப் பார்த்தான்.

"ச்சீ, எந்திரிடா!"ன்னாங்க.

"இனிக்குதுங்க சாமி. வெல்லம்"னான் லிங்கன்.

பீரகவுடர், "வெல்லம் கொட்டினியா சிக்கம்மா?"ன்னு கேட்டாரு.

"என் வீட்டுக்குள்ள வெல்லம் வந்து மூணு வருஷம் ஆச்சுங்க"ன்னா சிக்கம்மா. அவ்வளவுதான் சொன்னா. கெஞ்சம்மாவை ஒரு தடவை பார்த்தா, அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. தப்புப் பண்ணினவளைக் கண்ணால பார்க்கக் கூசி, தப்பே பண்ணாதவ தலை குனிஞ்சா.

அதைக் கெஞ்சம்மாவால தாங்க முடியல. காது ரெண்டும் சுட்டுச்சு. "கவுடரே, கொட்டினது நான். தோள்ல போட்டது நான். வெட்கப்பட்டு மூடி வச்சது நான். அவ குடுத்தப்ப கம்பளி பூ மாதிரி இருந்துச்சு"ன்னு தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னா. நிமிந்து பாக்க அவளால முடியல.

பீரகவுடர் ஓட்டையை விரலால தடவிப் பாத்தாரு. அப்புறம், "கறை பட்டது தப்பில்லம்மா, எந்தத் துணியிலும் படும். அதைக் கொண்டு போய் இன்னொருத்தி தலையில வச்சியே!"ன்னாரு. கெஞ்சம்மா வீட்டு முறை போச்சு. பேரனைத் தாயோட பழைய சேலையில சுத்தினாங்க. மருமக மாமியாரைப் பாக்காம முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா.

அன்னைக்கே கெஞ்சம்மா கம்பளியை ஓடைக்குத் தூக்கிட்டுப் போகணும்னு தீர்ப்பு. ஊரே கரையில நிக்குது. பூந்திக்கொட்டை நுரையில அலசினா, சுருட்டி அமுக்கினா, நிழல்ல விரிச்சா. எதுக்குப் பயந்தாளோ அதையே அத்தனை பேர் முன்னால செஞ்சா, அதுவும் மூணு ஓட்டையோட. காஞ்சதும் சிக்கம்மா வந்து பக்கத்துல உக்காந்து ஊசியில நூல் கோத்து நீட்டினா. கெஞ்சம்மா வாங்கித் தைச்சா. கண்ணுல தண்ணி மறைச்சதுல தையல் கோணலாத்தான் வந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு சிக்கம்மாவோட பேத்தி அந்தக் கோணத் தையல் கம்பளியிலதான் தூங்குனா.

அதனால கண்ணுகளா, கறை பட்டா அன்னைக்கே நாலு பேர் பாக்க அலசிடுங்க. மூடி வச்சா பூச்சிக்குத்தான் விருந்து. கதையை உதறியாச்சு, மடிச்சாச்சு, வேப்பிலை போட்டு வச்சாச்சு.