நகத்தி வெச்ச மேகம்

"மேடம், ரெண்டு படமும் ஒத்தே வரமாட்டேங்குது."

உள்ள வந்ததும் வராததுமா இருதயராஜ் இதத்தான் சொன்னாரு.

அவரு பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் வாத்தியார். நாப்பத்தஞ்சு வயசுல லீவு போட்டுட்டு பிஎச்டி பண்ண வந்தவரு. லீவு ஜூனோட முடியுது. கைடு மெஹருன்னிசா அவர விட சின்னவங்க.

ஆராய்ச்சி ஒரே ஒரு மேகத்தப் பத்தி. மழை மேகம் இல்லங்க! நட்சத்திரங்களுக்கு நடுவுல கெடக்குற வாயுவும் தூசியும். அதுக்குள்ளதான் புது நட்சத்திரம் பொறக்கும்.

சாதாரண டெலஸ்கோப்புல பாத்தா வெறும் கறுப்பு. அதனால அகச்சிவப்புல ஒரு படம், ரேடியோவுல ஒரு படம். முதல் படத்துல சூடு தெரியும். அடுத்ததுல குளிர்ந்து கெடக்குற தூசி தெரியும்; அது இறுகித்தான் பின்னால நட்சத்திரம் ஆகும்.

இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பெரிய டெலஸ்கோப்புக்கு விண்ணப்பம் போடணும். மேகத்துல ஒரே ஒரு எடத்தத்தான் பாக்கக் கேக்கலாம். தப்பான எடத்தக் கேட்டா, பட்டம் இல்லாமதான் பள்ளிக்கூடம் திரும்பணும்.

"ஆனா சரி பண்ணிட்டேன் மேடம்."

"எப்படி?"

"அகச்சிவப்புல பளிச்சுன்னு ஒரு புள்ளி. ரேடியோவுல அது கொஞ்சம் தள்ளி இருந்துச்சு. டெலஸ்கோப் கோணலாப் பாத்திருக்கும்னு ரேடியோ படத்த நகத்திட்டேன். இப்ப ஒன்னு மேல ஒன்னு."

"பசங்களுக்கு விடை வரலன்னா இப்படித்தான் நகத்தி மார்க் போடுவீங்களா சார்?"

"ஐயோ, தோலை உரிச்சிடுவேன் மேடம்."

மெஹருன்னிசா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாங்க. ரெண்டு படத்தையும் மாத்தி மாத்தித் தட்டுனாங்க. இது, அது. இது, அது.

"என்ன தெரியுது?"

"நடுப்புள்ளி அசையவே இல்ல! சூப்பரா உக்காந்திருக்கு."

"ஓரத்தப் பாருங்க."

ஓரத்துல தூரத்து கேலக்ஸிங்க. ரெண்டு படத்துலயும் ஒரே எடத்துல நிக்க வேண்டியது. எல்லாம் பொரி மாதிரி துள்ளுது.

நகத்துனத இருதயராஜே பழையபடி வெச்சாரு.

திரும்பத் தட்டுனாங்க. இது, அது.

கேலக்ஸிங்க எல்லாம் சிவனேன்னு நின்னுச்சு. நடுப்புள்ளி மட்டும் துள்ளுது.

"அப்ப டெலஸ்கோப் ஒழுங்காதான் பாத்திருக்கு."

"ம்."

"நெஜமாவே ரெண்டு எடமா மேடம்?"

"ம். எதக் கேக்கப் போறீங்க?"

"இதென்ன கேள்வி? அகச்சிவப்புல பளிச்சுன்னு இருக்கே, அதத்தான். அங்கதான நட்சத்திரம் இருக்கு."

"உங்க தலைப்பு என்ன சார்?"

"நட்சத்திரம் எப்படிப் பொறக்குது."

"அது பொறந்தாச்சு."

இருதயராஜ் ரேடியோ புள்ளிய உத்துப் பாத்தாரு. அப்புறம் அகச்சிவப்புல அதே எடத்தப் பாத்தாரு. துளி வெளிச்சம் இல்ல.

"இங்க ஒண்ணுமே இல்லையே மேடம்."

"இன்னும் இல்ல."

கீபோர்ட தன் பக்கம் இழுத்து, விண்ணப்பத்துல அந்தக் கறுப்பு எடத்த டைப் பண்ண ஆரம்பிச்சாரு.